பாப்பா மரத்துக்கு வாளி

நீலா,

சாவி குப்பம்மா அக்காகிட்ட கீது. மீன் வித்துட்டு வந்ததும் கஞ்சியைக் குடி. வெறும் வயித்தோட குந்திகினு அழாதே.

நேத்து இந்த வேலைக்குப் போவாதேன்னு நீ அவ்ளோ கத்தியும் நான் திரும்பிப் படுத்துட்டேன். அலுத்துப் போச்சு, வேறொண்ணுமில்ல. கம்பெனி கட்ட அந்த முள்ளுக்காட்டை இன்னைக்கு அழிச்சே ஆவணும். நான் ஓட்டுற டிராக்டர் முன்னால இரும்புப் பல்லு மாட்டினா மரம் வேரோட வந்துடும். மண்ணு அள்ளுற வாளி மாட்டினா தரையோட ஒடிஞ்சிடும், வேர் மண்ணுலயே கெடக்கும். மேஸ்திரி பல்லுதான் மாட்டணும்னாரு.

நம்ம பாப்பாவைப் பொதைச்ச வேலமரத்துக்கு மட்டும் வாளி மாட்டிக்கிறேன்.

கோதண்டம்

இன்னொண்ணு: மழை பேஞ்சா அது திரும்பத் துளிர்க்கும். வேலை சுத்தமில்லைன்னு என்னைத் திட்டுவாங்க. திட்டட்டும்.