வீட்டுக்கு ஒரு கிரைண்டர்

மார்ச் 16, ஞாயிறு

மசாலா அரைக்கும் கிரைண்டர் வாங்க ஹட்டனுக்குப் போனோம். கடையில் பெரியது ஒன்று இருந்தது. காய்ந்த மிளகாயையும் மல்லியையும் மாவாக்கிவிடுமாம். மூடியைத் திறந்து பார்த்தேன். கையை எடுக்க மனம் வரவில்லை.

"வீட்டுக்கா, யாவாரத்துக்கா?" என்று கடைக்காரர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர், "வீட்டுக்குத்தாங்க" என்று சின்னதைக் காட்டிவிட்டார்.

பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவரே ஆரம்பித்தார். "தூள் அரைச்சு வித்தா நல்லாத்தான் போகும். ஆனா நீ கொழுந்து எடுக்கப் போறதாலதான் நம்மள இந்தத் தோட்டத்துக் காம்பராவுல விட்டு வச்சிருக்காங்க. நீ நின்னுட்டா எங்க போயி அரைப்ப?"

அவர் டவுன் கடையில் வேலை பார்க்கலாம். என் பெயர் மட்டும் தேயிலைத் தோட்டத்துப் பதிவை விட்டுப் போகக் கூடாது. அவர் சொன்னது பொய்யாக இருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

சாயங்காலம் மல்லியும் மிளகாயும் வறுத்து அரைத்தேன். இரண்டு பிடி போட்டதற்கே சூடேறி நின்றுவிட்டது. வரிசையாய் ஒட்டிய வீடுகள்; லயத்துச் சுவர் எதை மறைக்கும்? பக்கத்துக் காம்பராவிலிருந்து செல்வியக்கா தும்மிக்கொண்டே கத்தினார். "அடியே, வாசன தூக்குதுடி! நீ அரைச்சு வித்தா நான் கடத்தூளத் தொடவே மாட்டேன்."

"வீட்டுக்குத்தான்க்கா" என்றேன்.

என் வீட்டுக்காரர் அப்போது வீட்டிலேயே இல்லை. நானேதான் சொன்னேன்.