நான்காவது பூச்சு

முதுநகர், கடலூர்
12.10.2024

அன்புள்ள இசை,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். போனில் என் எண்ணைத் தடுத்துவிட்டாய். தபாலைத் தடுக்க முடியாது என்ற துணிச்சலில் எழுதுகிறேன்.

நம் ஃபைபர் படகை மறுபடி எடுத்திருக்கிறேன். முப்பது வருடப் பழசு, உடம்பில் ஒரு கீறல் இல்லை. விளிம்பைச் சுற்றிய தேக்குச் சட்டம்தான் கறுத்துக் கிடக்கிறது. கூட்டாளி சுப்புராயனோடு சேர்ந்து பழைய வார்னிஷைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறேன். குடியை விட்டுவிட்டேன். கை சும்மா இருந்தால்தானே வம்பு.

காணும் பொங்கலன்று தண்ணீரில் இறக்குவோம். கணவன் இருக்கும்போது சிதம்பரத்தில் எத்தனை நாள் தனியாக இருப்பாய்? வந்துவிடு.

உன்
ராஜவேல்

சிதம்பரம்
21.10.2024

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் கிடைத்தது. எனக்குக் கல்லூரி, வீடு. வேறு செய்தி இல்லை.

இடப்பக்கச் சட்டத்தில் ஒரு கறை இருக்குமே, அதையும் தேய்த்தீர்களா? என் முடியைப் பிடித்து அங்கேதான் மோதினீர்கள். நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடி மோதினீர்கள். ஆஸ்பத்திரியில் "படகுல வழுக்கி வுழுந்துட்டா" என்றீர்கள். நானும் தலையாட்டினேன்.

சட்டத்தைக் கழற்றித் தேய்க்கிறீர்களா, மேலோடு தேய்க்கிறீர்களா? மேலோடு என்றால் இடுக்கில் ஊறிய ரத்தம் அங்கேயே இருக்கும்.

குடியை விட்டதை நம்ப ஆசைதான். உடனே முடியவில்லை. பொங்கல் வரை யார்மேலும் உங்கள் கை விழவில்லை என்றால் வருகிறேன்.

இசை

முதுநகர்
3.1.2025

அன்புள்ள இசை,

நீ வருவதாக எழுதியதைச் சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறேன்.

கறை போய்விட்டது. ஆசிட் வைத்து வெளுத்தாயிற்று. நீயே தேடினாலும் தெரியாது. சட்டத்தைக் கழற்றவில்லை. ஸ்குரூவெல்லாம் இறுகிக் கிடக்கிறது, யார் மெனக்கெடுவது? முன்பக்கம் உன் பெயரை எழுதியிருக்கிறேன்.

வார்னிஷ் நான்காவது பூச்சுதான் வீணாகிவிட்டது. சுப்புராயன் தார்ப்பாய் போடாமல் கிளம்பிவிட்டான். மார்கழிப் பனியில் சட்டம் முழுக்கப் பால்போல வெளுத்துப்போச்சு. கேட்டால், "இன்னொருக்கா தேய்ச்சாப் போச்சு மச்சான்" என்று சிரிக்கிறான். என் கையில் வார்னிஷ் சுரண்டும் தகடு இருந்தது. கன்னம் கொஞ்சம் கிழிந்துவிட்டது. நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், படகில் வழுக்கி விழுந்தான் என்று சொல்லிச் சரிசெய்துவிட்டேன். குடித்திருக்கவில்லை, சத்தியம்.

இதைப் பெரிதுபடுத்தாதே. பொங்கலுக்கு வா.

உன்
ராஜவேல்

சிதம்பரம்
9.1.2025

திரு. ராஜவேலுக்கு,

நேற்று முதுநகர் வந்தேன். உங்கள் வீட்டுக்கு அல்ல. சுப்புராயனுக்கு வாயோரத்திலிருந்து காதுவரை தையல். கஞ்சியை உறிஞ்சித்தான் குடிக்கிறார். அவர் மனைவி செல்லாயி, "கேசும் வேணாம், ஒண்ணும் வேணாம் டீச்சர். நீங்க திரும்ப அந்த வூட்டுக்குப் போவாதீங்க, அது போதும்" என்றார்.

நான் முடியை விலக்கித் தழும்பைக் காட்டினேன். செல்லாயி பார்த்தார். பிறகு எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

மூன்று பேரும் காவல் நிலையம் போனோம். "வழுக்கி விழுந்தாரா?" என்று கேட்டார்கள். சுப்புராயனால் வாய் திறக்க முடியவில்லை. இல்லை என்று நான் சொன்னேன். எனக்கும் சேர்த்துச் சொன்னேன்.

இது உங்கள் கைக்கு வருவதற்குள் போலீஸார் வந்து, இடுக்கில் ஊறியதைத் தேடி இடப்பக்கச் சட்டத்தைக் கழற்றியிருப்பார்கள். முன்பக்கம் என் பெயர் மட்டும் மிச்சம் இருக்கும். அதைச் சுரண்டிவிடுங்கள்.

அ. இசைவாணி