சிப்பி மாத்திரையும் கருட சேவையும்

பிப்ரவரி 3, திங்கள்
செங்கல்பட்டு டாக்டர் சுஜாதா ஸ்கேன் தாளைப் பார்த்துவிட்டு, "மாமாவுக்கு எலும்பு அடர்த்தி ரொம்பக் குறைவு. குளியலறைல வழுக்கினதுக்கே மணிக்கட்டு விரிசல் விட்டிருக்கு. இனிமே தோள்ல பாரம் கூடாது" என்றாள். என் அகத்துக்காரர் பட்டாபிராமன் சிரித்தார். நாற்பது வருஷமாகப் பெருமாள் வாகனத்தைத் தோளில் சுமக்கிறவர். இரண்டு மாதத்தில் கருட சேவை. "அதுக்குள்ள பால் குடிச்சுச் சரி பண்ணிடறேன்" என்றார்.

எலும்பு என்ன சுவரா, இரண்டு மாதத்தில் பூசிவிட? இருக்கிறது மேலும் கரையாமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதானாம். கால்சியம் மாத்திரை, பால், தயிர், கேழ்வரகு, எள், முருங்கைக்கீரை என்று எழுதிக் கொடுத்தாள்.

பிப்ரவரி 9
பால் வாடை ஆகாது. கேழ்வரகென்றால் முகம் சுளிப்பு. கீரையென்றால் "நான் என்ன ஆடா?" இன்று தோசை மாவில் பாதி கேழ்வரகைக் கலந்துவிட்டேன். ஏன் கறுப்பாக இருக்கிறது என்றார். "கல்லு காஞ்சுடுத்து" என்றேன். ஐந்து சாப்பிட்டார். பொய் சொல்லிச் சோறு போட்டால் பாவமா? பாவமென்றால் டாக்டருக்கும் பாதி.

பிப்ரவரி 10
எள்ளுப்பொடி. எட்டு இட்லி.

பிப்ரவரி 21
குடி முழுகிப் போச்சு. மாத்திரைப் புட்டியின் பொடி எழுத்தைக் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டார். சிப்பி ஓட்டிலிருந்து எடுத்த கால்சியமாம். "முட்டை ஓடு கூட நுழையாத ஆத்துல சிப்பியா? பெருமாளைத் தூக்கற உடம்புடி இது." வேறு மாத்திரை கேட்டு வாங்கிவிடலாம், எனக்கும் தெரியும். ஆனால் மனுஷர் வெற்றிலையில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டே, "இதுவும் கால்சியம்தானே, இது போறும்" என்றாரே. விடுவேனா?

பிப்ரவரி 23
கடப்பாக்கத்திலிருந்து சுண்ணாம்பு கொண்டுவரும் பார்வதத்திடம், அவர் காதில் விழும்படி, "இதை எதுலேர்ந்து பண்றே?" என்று கேட்டேன்.

"கிளிஞ்சல சுட்டுதாம்மா. இன்னா, இத்தினி வருசமா சாமி தெரியாமயா போட்டுகினு கீறாரு?"

அவர் வாய் அப்படியே நின்றது. விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினேன்.

பிப்ரவரி 26
மூன்று நாளாக வெற்றிலையும் இல்லை, என்னோடு பேச்சும் இல்லை. சாயங்காலம், "அக்னி பட்டா எல்லாம் சுத்தம்தான்" என்று தனக்குத் தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டார். மாத்திரையில் அக்னி பட்டதா என்று நான் கேட்கவில்லை.

மார்ச் 30
கூடத் தூக்குகிற ஜானகிராமன் வந்தார். "அண்ணா தோள் இல்லாம கருடன் எழும்புவாரா?" இவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். வாகனத்தின் கீழே விழுந்தால் இடுப்பெலும்பு. அப்புறம் படுக்கைதான்.

கெஞ்சினேன். "பெருமாள் பாத்துப்பார்" என்றார். குளியலறையிலும் அவர்தானே பாத்துண்டிருந்தார்? கேட்கவில்லை, இங்கே எழுதுகிறேன். பயமா இருக்கு. நெஜமாவே பயமா இருக்கு.

ஏப்ரல் 6
கருட சேவை. விடிவதற்குள் வேஷ்டியை வரிந்து கட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஒன்பது மணிக்கு மேளம் எங்கள் தெருவில் திரும்பியது. வாகனத் தண்டின் கீழே ஒவ்வொரு முகமாகத் தேடினேன். இவர் இல்லை. என்ன ஆச்சு? அதற்குள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றார். "நீ கெஞ்சினது ஞாபகம் வந்தது. தண்டைத் தொட்டுக் கண்ணுல ஒத்திண்டு விலகிட்டேன். இடது பக்கம் பார், தாழறது. நடையே தெரியலை இவாளுக்கு." முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

வாகனம் எங்கள் வாசலில் நின்றது. முணுமுணுப்பும் நின்றது.

"நாப்பது வருஷமா நம்மாத்து வாசல்ல பெருமாள் நிக்கறப்போ நான் அடியிலதான் இருந்திருக்கேன், காமு. இங்கேர்ந்து அவர் முகத்தைப் பாக்கறது இன்னிக்குத்தான்."

கற்பூரம் காட்டினார்கள். எம்பிப் பார்க்க என் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் அசையாமல் நின்றேன்.