கண்மலர் சாத்திய பிறகு

அன்புள்ள பவுனு,

கிள்ளானில் உன் தங்கை வீட்டில் சுகம்தானே? இங்கே பிரிக்பீல்ட்ஸில் ஓயாத மழை. பக்கத்து நிலை கண்ணில் படாமல் நெற்றியை இடித்துக்கொண்டாயாமே, உன் தங்கை எழுதியிருந்தாள்.

மாரியம்மனுக்கு வெள்ளிக் கண்மலர் சாத்திய அன்றே உன் கண்வலி விட்டது. “இனி சொட்டு மருந்து எதுக்கு? அம்மன்மேல நம்பிக்கை இல்லையா?” என்றேன். நீ புட்டியை எடுத்து உள்ளே வைத்தாய்.

இன்று ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸரைக் கேட்டேன். “வலி போனாலும் கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறும். போன பார்வை திரும்பாது. தினம் மருந்து விட்டா மிச்சமாவது நிக்கும்” என்றார்.

புதுப் புட்டி அனுப்பியிருக்கிறேன். தினமும் விடு. அன்று மருந்து வேண்டாமென்றது நான்தான், அம்மன் இல்லை.

எழுத்தைப் பெரிதாகவே எழுதியிருக்கிறேன். “நானே வாசித்தேன்” என்று ஒரு வரி போடு. அது உன் கையெழுத்தாக இருக்கட்டும்.

உன் புருஷன்