கைதட்டல் இல்லாத பெட்டி

செந்தூல், கோலாலம்பூர்
4 மார்ச் 2024

அன்புள்ள அத்தைக்கு,

லோஷினி எழுதுகிறேன். விவாகரத்து முடிந்த பிறகும் உங்களை அத்தை என்று கூப்பிடலாமா என்று யோசித்தேன். வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. போன் பண்ணியிருக்கலாம். உங்கள் குரலைக் கேட்டால் கேட்க வந்ததை விட்டுவிட்டு அழுதுகொண்டிருப்பேன்.

மாடி அறை அலமாரியில் என் பழைய ட்ரம் மெஷின் ஒன்றை விட்டுவிட்டு வந்தேன். சாம்பல் நிறத்தில் நீளமாக இருக்குமே, 707. சின்ன வெள்ளி நிறப் பெட்டி, 606, என்னிடம் இருக்கிறது. ஒரு நாட்டிய நாடகத்துக்கு இசை செய்கிறேன். எந்தப் பெட்டியை வைத்துச் செய்வது என்று இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சிரமம் இல்லையென்றால் அதைப் பொட்டலமாக அனுப்ப முடியுமா?

மாத்திரையை மறக்காமல் போடுங்கள்.

அன்புடன்,
லோஷினி


உலு திராம்
12 மார்ச் 2024

என் கண்ணு லோஷினிக்கு,

உறைமேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். இத்தனை மாதம் ஒரு வார்த்தை இல்லை. என் மகனோடுதானே உனக்கு ஒத்துவரவில்லை? நான் என்ன செய்தேன்?

திட்டாதே, உன் பெட்டி அலமாரியில் இல்லை. தினமும் காலையில் என்னோடு திடலுக்கு வருகிறது. நம் தாமான் குடியிருப்புப் பெண்களின் உடற்பயிற்சிக் குழுவுக்கு இப்போது நான்தான் தலைவி. முன்பெல்லாம் பாட்டுப் போட்டு ஆடினோம். ஒருத்திக்குத் தமிழ்ப் பாட்டு வேண்டும், ஒருத்திக்கு மலாய்ப் பாட்டு, ஒரே சண்டை. ஒரு நாள் பொறுக்க முடியாமல் உன் பெட்டியை வீட்டு ஸ்பீக்கரோடு தூக்கிக்கொண்டு போனேன். மதிய நேரங்களில் நீ எனக்குப் பழக்கிவிட்ட தாளங்களைப் போட்டேன். பாட்டும் இல்லை, சண்டையும் இல்லை! பக்கத்து வீட்டு ரோஹானி தன் வீட்டிலிருந்து வயர் இழுத்துக் கரண்ட் தருகிறாள். வெள்ளையம்மா மட்டும், "புஷ்பா, என் முட்டியப் பாரு லா, கொஞ்சம் மெதுவா போடு!" என்று கத்துவாள். நான் வேகத்தைக் குறைப்பேன். உடனே மற்றவர்கள் என்னை முறைப்பார்கள்.

இரண்டு பெட்டிக்கும் அப்படி என்ன வித்தியாசம்? எனக்குப் புரிகிற மாதிரி எழுது. வெள்ளிப் பெட்டியே உனக்குப் போதும் என்றால் இது என்னிடமே இருக்கட்டும்.

உன் அத்தை,
புஷ்பவள்ளி


செந்தூல்
25 மார்ச் 2024

அன்புள்ள அத்தைக்கு,

ஸ்டூடியோவில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அந்தப் பெட்டியை ஆசையாகத் தொட்டது வீட்டில் நீங்கள் ஒருவர்தான். நீங்கள் அதைத் திடலுக்கு எடுத்துப் போவதில் எனக்கு வருத்தம் இல்லை.

வித்தியாசத்தைச் சொல்கிறேன். 707-க்குள் இருப்பது நிஜமான ட்ரம்ஸின் சத்தம். யாரோ அடித்ததைப் பதிவு செய்து உள்ளே அடைத்திருக்கிறார்கள். அதனால் ஒவ்வொரு அடியும் பளிச்சென்று விழும். திடலின் மறுகோடி வரைக்கும் கேட்கும். 606-ல் பதிவு எதுவும் கிடையாது. மின்சாரமே உள்ளே சத்தமாக மாறுகிறது. அடித்தாளம் ஒல்லியாக இருக்கும். ஆனால் அதன் ஹை-ஹேட் தட்டுச் சத்தம் இருக்கிறதே, முறத்தில் அரிசி புடைப்பதுபோல, கேட்கக் கேட்க அலுக்காது. கணினியில் இரண்டுக்கும் நகல் கிடைக்கிறது. போட்டுப் பார்த்தேன். நிஜப் பெட்டியின் குமிழைக் கையால் திருப்பிக் கேட்பது போல இல்லை.

606-ல் கைதட்டல் சத்தம் கிடையாது. 707-ல் உண்டு. நடன ஆசிரியைக்கு அந்தக் கைதட்டல் வேண்டுமாம். எனக்கு மனசெல்லாம் வெள்ளிப் பெட்டியில். அதனால்தான் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே தாளத்தைக் கொடுத்துக் கேட்க ஆசைப்படுகிறேன்.

அவசரம் இல்லை. உங்கள் குழு முதலில். பின்பக்கம் உள்ள சின்ன பேட்டரிகளை மட்டும் மாற்றுங்கள். இல்லையென்றால் தாளங்கள் அழிந்துவிடும்.

அன்புடன்,
லோஷினி


உலு திராம்
9 மே 2024

கண்ணு லோஷினிக்கு,

பெட்டியை இன்று அனுப்பிவிட்டேன். உன் பழைய நீலத் துண்டில் சுற்றியிருக்கிறேன். கூரியர் கடைப் பெண், "உள்ளே என்ன ஆண்ட்டி, கண்ணாடியா?" என்றாள். ஆமாம் என்றேன்.

இதை நான்தான் உனக்குச் சொல்ல வேண்டும், வேறு யாரும் சொல்லி நீ கேட்கக் கூடாது. ஜீவனுக்கு ஆவணியில் மறுபடி கல்யாணம். பெண் பெயர் சாந்தினி. பெர்மாஸ் ஜெயாவில் பல் மருத்துவரிடம் வேலை செய்கிறாள். நல்ல பெண்ணாகத்தான் தெரிகிறாள். அது எனக்கு நிம்மதியாகவும் இருக்கிறது, கஷ்டமாகவும் இருக்கிறது.

மாடி அறைக்கு வெள்ளை அடிக்கிறார்கள். ஜீவன் உன் பெட்டியைப் பார்த்து, "இன்னும் எதுக்கும்மா இது? அவளுக்கு அனுப்பிடுங்க. இனிமே லெட்டர் எல்லாம் வேணாம்மா, சாந்தினி என்ன நினைப்பாங்க?" என்றான். அவன் கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

இனி எழுதாதே என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எழுது என்று சொல்ல உரிமை இருக்கிறதா என்றும் தெரியவில்லை. நீ வேளைக்குச் சாப்பிடு.

அத்தை


செந்தூல்
30 மே 2024

அன்புள்ள அத்தைக்கு,

பெட்டி பத்திரமாக வந்தது. கல்யாணச் செய்தி எனக்கு முன்பே தெரியும். ஆனாலும் நீங்கள் சொன்னது ஆறுதலாக இருந்தது. ஜீவன் நன்றாக இருக்கட்டும். இதை மனதாரத்தான் எழுதுகிறேன்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்டேன். நாடகத்துக்கு 707-தான் சரி. நடனப் பெண்களின் கால் அதன் அடியில் தடுமாறாமல் போய் உட்காருகிறது. வெள்ளிப் பெட்டி தனியாகக் கேட்கும்போதுதான் அழகு. அதனால் 606-ஐ உங்களுக்கு அனுப்புகிறேன். பேட்டரியிலேயே ஓடும், கூடவே ஒரு பேட்டரி ஸ்பீக்கரும் வைக்கிறேன், ரோஹானி அக்கா இனி வயர் இழுக்க வேண்டாம். கடனாகத் தரவில்லை, உங்களுக்கே.

பதில் எழுதச் சங்கடமாக இருந்தால் எழுத வேண்டாம். நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

அன்புடன்,
லோஷினி


உலு திராம்
23 ஜூன் 2024

லோஷினிக்கு,

உடனே பதில் எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. எழுதுவதற்கு முன் சில விஷயங்களைச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

வெள்ளிப் பெட்டி எல்லாருக்கும் பிடித்துவிட்டது. கைதட்டல் இல்லாத இடத்தில் நாங்களே தட்டிக்கொள்கிறோம். வெள்ளையம்மா எப்போதும் தப்பான இடத்தில்தான் தட்டுகிறாள்.

போன சனிக்கிழமை சாந்தினி திடலுக்கு வந்தாள். எங்களோடு ஆடினாள். முடிந்ததும் பெட்டியைக் கையில் எடுத்துப் பார்த்து, "அழகா இருக்கே அத்தை, யாரோடது?" என்றாள். "என் மருமகளோடது" என்றேன். என் வாயிலிருந்து அப்படித்தான் வந்தது. எல்லார் காதிலும் விழுந்தது. சாந்தினி பெட்டியை மெதுவாகக் கீழே வைத்தாள்.

அவள் கிளம்புமுன் அவளுடைய காரில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம், அவள் அழுதாள். நானும் அழுதேன். பிறகு அவளே சொன்னாள்: "அவங்கள மறந்துடுங்கன்னு நான் சொல்ல மாட்டேன் அத்தை. ஆனா அவங்க இடத்துல என்னைக் கொண்டுபோய் வைக்காதீங்க. எனக்குன்னு வேற இடம் குடுங்க."

வயதில் சின்னவள், எவ்வளவு நியாயமாகக் கேட்டுவிட்டாள்! இடம் இல்லாமல் போய்விடுமோ என்று நீயும் பயந்தாய், அவளும் பயந்தாள். இரண்டு பேருக்கும் கொடுக்க வேண்டியவள் நான்தானே. அன்று மாலையே ஜீவனை உட்காரவைத்துச் சொன்னேன்: "சாந்தினிக்கு ஒரு குறையும் வைக்க மாட்டேன்டா. ஆனா லோஷினிக்கு நான் எழுதுவேன். மறைச்சு எழுத மாட்டேன், உன் கண்ணு முன்னால உக்காந்துதான் எழுதுவேன்." அவன், "சரி லா, எழுதுங்க" என்றான். இதைச் சாப்பாட்டு மேசையில்தான் எழுதுகிறேன். அவன் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறான்.

மருமகள் என்ற சொல் இனி சாந்தினிக்கு. உனக்கு என்ன சொல் என்று தேடினேன், கிடைக்கவில்லை. மேலே பேரை மட்டும் எழுதியிருக்கிறேன், பார்.

நாடகம் முடிந்ததும் ஒரு வாரம் வா. நம் வீட்டில் தங்குவது யாருக்கும் நன்றாக இருக்காது, எனக்குத் தெரியும். ரோஹானியிடம் கேட்டேன். "டத்தாங் லா, வரச் சொல்லு" என்று அப்போதே தன் வீட்டுப் பின் அறையில் உனக்குக் கட்டில் போட்டுவிட்டாள். தலையணை உறை மட்டும் என்னுடையது. துவைத்துக் கொடுத்திருக்கிறேன்.

புஷ்பவள்ளி