வசன எண் இல்லாத அட்டை

என் அன்பு இல்லாளுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நான் சுகம். நீயும், பிரசவ நாள் நெருங்கிய நம் மகளும் சுகமாயிருக்க வேண்டிக்கொள்கிறேன். என் சமையலை நினைத்துக் கவலைப்படாதே. இதுவரை இரண்டு பாத்திரம்தான் கருகியிருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். ஆலயத்து வாசகசாலையைக் காலி செய்து நாற்காலி அடுக்க வேண்டும் என்று சபைச் செயலாளர் ஒற்றைக்காலில் நிற்கிறார் அல்லவா? வேதம் ஒண்ணு போதும் ஐயா, என்னைக்கோ செத்த கிரேக்கன் எழுதினது நமக்கு எதுக்கு என்பது அவர் கட்சி. அந்தப் புத்தகங்களைப் படித்த பிறகுதான் வேதத்தை இன்னும் நேசித்தேன் என்று சொல்லிப் பார்த்தேன். செவிடன் காதில் ஊதிய சங்கு. வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபை கூடி முடிவெடுக்கிறது.

போன ஞாயிறு பிரசங்கத்தில், அழுகிறவன் பக்கத்தில் உட்கார்ந்தவன் வீட்டுக்குக் கடவுள் வழி கேட்காமலே வருவார் என்று வேதம் சொல்வதாகச் சொன்னேன். எல்லாரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னவர் செயலாளர்தான். அவர் மனைவி அறுவை சிகிச்சை முடிந்து மருத்துவமனையில் இருக்கிறார். மறுநாள் வந்து, அந்த வசனத்தை அட்டையில் எழுதி அவள் கட்டிலருகே வைத்திருக்கிறேன், எந்த அதிகாரம் என்று கேட்டார். நீதிமொழிகள் புத்தகமாக இருக்கும், பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

இரண்டு நாள் தேடினேன். வேதத்தில் எங்கும் இல்லை. கடைசியில் என் கல்லூரி நோட்டில் கிடைத்தது. இயேசு பிறப்பதற்குப் பல நூறு வருஷம் முந்திய ஒரு கிரேக்கக் கவிஞன் எழுதியது. நானே தமிழாக்கி, மனப்பாடம் செய்து, வேதத்துச் சங்கீதங்களோடு சேர்த்து மனசில் போட்டுவைத்திருக்கிறேன். இப்படிப் படித்தால் ஒருநாள் எல்லாம் கூட்டுக்கலவையாகிவிடும் என்று நீ சொன்னது பலித்தது.

பேசாமல் இருந்துவிடலாமா என்றும் யோசித்தேன், உன்னிடம் மறைப்பானேன். உண்மையைச் சொன்னால் வாசகசாலைக்கு நானே பூட்டுப் போட்டது போலாகும். ஆனால் ஒரு நோயாளியின் தலைமாட்டில் என் பொய் இருக்கலாமா? நேற்று மருத்துவமனைக்குப் போய், வராந்தா பெஞ்சில் அவரை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

வலியில அவ அழுறப்பல்லாம் எழுந்து வெளியே போயிடுவேன் ஐயா, அந்த வரியைக் கேட்ட பிறகுதான் பக்கத்துல உட்கார்ந்தேன் என்றார். அப்போ கர்த்தர் அந்தக் கிரேக்க ஆளுகிட்டயும் பேசியிருக்காரா என்று கேட்டார். ஆமென்று தலையை ஆட்டினேன்.

அட்டையை அவர் எடுக்கவில்லை. அதிகாரம் எழுத விட்ட இடம் அப்படியே வெறுமையாக இருக்கிறது. கிளம்பும்போது, அந்த ஆள் வேற என்னல்லாம் எழுதியிருக்கான், புஸ்தகம் நம்ம வாசகசாலையில இருக்கா என்றார். கூட்டத்தில் எந்தப் பக்கம் பேசுவார் என்று நான் கேட்கவில்லை.

ஞாயிறு காலை பத்து மணிக்குச் சபை முன் நின்று என் தவறைச் சொல்லப்போகிறேன். வேதம் தெரியாத போதகர் என்று சிலர் சிரிக்கலாம். பயமாகத்தான் இருக்கிறது. மகளுக்கும் வரப்போகிற குழந்தைக்கும் கர்த்தர் துணையிருப்பாராக. அந்த நேரம் மட்டும் அவளிடம் சொல்லிவிட்டு, நீ அங்கிருந்தபடியே என் பக்கத்தில் கொஞ்சம் உட்கார்ந்துகொள்.

உன் ஜெபத்தை நம்பியிருக்கும்,
உன் புத்தகப்புழு