பூஜ்யம் தொலைஞ்ச நம்மூட்டு நம்பர்

அன்புள்ள அப்பாவுக்கு,

நொய்டாவுல நான் சௌக்கியமுங்க. உங்க முட்டிவலி தேவலைங்களா? போன் பண்ணுனா "வேலையைப் பாரு கண்ணு"ன்னு சீக்கிரம் வெச்சுபோடறீங்க, அதான் எழுதறேன்.

இங்க ஒரு கூத்துங்க. நோயாளிகளுக்குத் தானா போன் போடற புரோகிராம் எழுதுனேன். டேட்டாபேஸுல போன் நம்பரை எண் வகைன்னு வெச்சுபோட்டேன். டேட்டாபேஸையும் நான் எழுதற பைத்தான் மொழியையும் இணைக்கற டிரைவர்ங்கற மென்பொருளும் அதை எண்ணாவே குடுத்துருச்சு. எண்ணுக்கு முன்னாடி பூஜ்யம் நிக்காதுங்க. நம்ம கோயமுத்தூர் கோடு 0422 வெறும் 422 ஆகி, கால் போகவே இல்லை. சோதனைக்குப் போட்டது நம்மூட்டு நம்பருங்க, எனக்கு மனப்பாடமா வேற நம்பர் தெரியாது. இப்ப எழுத்து வகைன்னு மாத்தியாச்சு.

அம்மாவைப் பருப்புப்பொடி அனுப்பச் சொல்லுங்க.

அடுத்த ஞாயிறு பூசை முடிஞ்சதும் ஊட்டுல போன் அடிக்கும், மெஷின் பேசும். ஒடனே வெச்சுபோடாதீங்க. "ஏனுங்க, யாருங்க?"ன்னு கொஞ்ச நேரம் கேட்டுட்டே இருங்க. இந்தப் பக்கம் நான் கேட்டுட்டு இருப்பேன்.

ஆபீஸ் போற கேப் வந்துருச்சுங்க.

கரோலின்